அலகில்லா எண்ணும் வகையில்லாத் தரவும்



புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு ஒரு மாணவர் '9.8' என்று மட்டும் விடை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இயற்பியல் ஆசிரியர் அதற்கு முழு மதிப்பெண் தரமாட்டார். 9.8 என்பது மீட்டரா, மைலா, மாம்பழமா என்று சிவப்பு மையால் ஓரத்தில் எழுதி அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். இந்தக் கண்டிப்பு சரியானதே என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். ஆனால் அதே மாணவர் அடுத்த பாடவேளையில் கணிப்பொறி ஆய்வுக்கூடத்துக்குப் போகிறார். இணையத்திலிருந்து ஓர் எண்ணைப் பெறுகிறார். அது எதைக் குறிக்கும் எண், எந்த அலகில் உள்ளது, அது வராமற்போனால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதாமல் நிரலை ஓட்டிக் காட்டுகிறார். 'ஓடுகிறது' என்ற ஒரே காரணத்திற்காக அவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. இது முறையன்று என்பது என் கருத்து. ஏன் என்பதை ஓர் உண்மையான எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம்.

உலகில் எங்கு நிலநடுக்கம் ஏற்பட்டாலும் அதைப் பற்றிய விவரங்களை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இணையத்தின் வழியாக எல்லோருக்கும் இலவசமாக அளித்து வருகிறது. மனிதர்கள் படிக்கும் பக்கங்கள் அல்லாமல், கணிப்பொறிகள் கேட்டால் கணிப்பொறிகளுக்கே விடையளிக்கும் சேவை ஒன்றும் அங்கே உண்டு. கடந்த ஒரு மணி நேரம், ஒரு நாள், ஏழு நாட்கள், முப்பது நாட்கள் என்று நாம் விரும்பும் காலத்திற்கு உரிய பட்டியலைக் கேட்டு வாங்கலாம். பட்டியல் நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பள்ளி மாணவர் ஒருவர் நிரல் எழுதிப் பழகுவதற்கு இதைவிடச் சிறந்த தரவு கிடைப்பது அரிது. நிலம் அதிர்ந்த சில நிமிடங்களில் அதன் கணக்கு உங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது அல்லவா!

வந்து சேர்வது என்ன? வெறும் எழுத்துகள். 'ஜேசான்' என்னும் முறைப்படி அடுக்கப்பட்ட நீண்ட எழுத்து வரிசை அது. ஜேசானுக்குத் தெரிந்த வகைகள் மிகச் சில. எண், எழுத்துச் சரம், உண்மை அல்லது பொய், ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் 'நல்', வரிசைப் பட்டியல், பெயரும் மதிப்பும் சேர்ந்த தொகுதி ஆகியவை மட்டுமே. தேதி என்ற வகை அதில் இல்லை. கிலோமீட்டர், பாகை என்ற அலகுகளும் இல்லை. ஆனால் தொகுதிக்குள் தொகுதி, அதற்குள் பட்டியல், அதற்குள் மீண்டும் தொகுதி என்று எத்தனை ஆழத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் டப்பா, டப்பாவுக்குள் பொட்டலம் என்பது போல.

நிலநடுக்கப் பட்டியலில் வெளிப்பெட்டியைத் திறந்தால் 'ஃபீச்சர்ஸ்' என்ற பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் 'பிராப்பர்டீஸ்' என்ற பெட்டியில் அளவெண், இடத்தின் பெயர், நேரம் முதலியவையும், 'ஜியோமெட்ரி' என்ற பெட்டியில் நிகழ்ந்த இடத்தின் ஆயங்களும் உள்ளன. பெரும்பாலான மாணவர்கள் செய்வது என்னவென்றால், ஒரே வரியில் பெட்டிகளை வரிசையாகத் திறந்துகொண்டே போய், அடியிலுள்ள பொட்டலத்தைத் தூண்டில் போட்டு இழுப்பது போல் வெளியே இழுத்துவிடுவது. எண் கிடைத்துவிடும். அதைத் திரையில் அச்சிட்டதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள்.

தொல்லைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் ஆயங்களை எடுத்துக்கொள்வோம். அவை பெயரில்லாத மூன்று எண்களாக வருகின்றன. நிலப்படப் பாடத்தில் அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையைப் பின்னும் சொல்லி நமக்குப் பழக்கம். ஆனால் இந்தத் தரவு பின்பற்றும் 'ஜியோஜேசான்' முறையில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை இரண்டாவது. மூன்றாவது எண் ஆழம், கிலோமீட்டரில். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிகழ்ந்து நம் கடற்கரைகளைச் சூறையாடிய சுனாமியைத் தோற்றுவித்த நிலநடுக்கத்தின் மையம் ஏறக்குறைய 3.3 பாகை வடக்கு, 96 பாகை கிழக்கு. இதை இடம் மாற்றி எடுத்துவிட்டால் அட்சரேகை 96 பாகை என்று வரும். வடதுருவமே 90 பாகைதான் என்பதால் பிழை பளிச்செனத் தெரிந்துவிடும். ஆனால் சென்னையின் ஆயங்களை மாற்றிப் பாருங்கள். 13 வடக்கு, 80 கிழக்கு என்பது 80 வடக்கு, 13 கிழக்கு என்றாகிறது. அது முற்றிலும் செல்லுபடியாகக்கூடிய ஓரிடம். நார்வே நாட்டுக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய பனிக்கடல்! சென்னையைக் கொண்டுபோய் அங்கே நட்டாலும் கணிப்பொறி ஒரு வார்த்தை சொல்லாது. எண்ணின் எல்லையைச் சரிபார்ப்பது மட்டும் இங்கே காப்பாற்றாது. அந்த எண்ணுக்கு 'தீர்க்கரேகை' என்ற பெயரைத் தரவு வாசலைத் தாண்டும்போதே சூட்டியிருந்தால்தான் அது பிறகு யாராலும் இடம் மாறாமல் இருக்கும்.

அடுத்தது நேரம். இந்தப் பட்டியலில் நேரம் என்பது 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு முதல் கழிந்த மில்லிசெகண்டுகளின் எண்ணிக்கை. மேற்சொன்ன சுமத்ரா நிலநடுக்கத்தின் நேரம் 1104022733450 என்று எழுதப்படும். நம் கடிகாரப்படி அது காலை 6 மணி 28 நிமிடம் 53 செகண்டு. இதைச் செகண்டு என்று எண்ணிக் கணக்கிட்டால் ஆண்டு 36,000-ஐத் தாண்டிவிடும். இந்தப் பிழையும் கண்ணில் படக்கூடியதே. ஆனால் எதிர்த் திசையில் தவறினால்? செகண்டு கணக்கில் வந்த எண்ணை மில்லிசெகண்டு என்று கொண்டால், அதே நிலநடுக்கம் 1970 ஜனவரி 13 அன்று நிகழ்ந்ததாகக் காட்டும். அது ஓர் ஒழுங்கான தேதிதான். பழைய நிலநடுக்கம் போலும் என்று எண்ணி நாம் கடந்துபோய்விடுவோம்.

'நல்' என்ற மதிப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழில் 'நல்' என்றால் நல்லது. இங்கோ 'ஒன்றுமில்லை' என்று பொருள். அதிர்வை உணர்ந்ததாக எத்தனை பேர் தெரிவித்தார்கள் என்பதற்கு 'ஃபெல்ட்' என்று ஓர் இடம் உண்டு. யாரும் தெரிவிக்காத நிகழ்வுகளில் அங்கே நல் இருக்கும். சில நிகழ்வுகளில் அளவெண்ணே இன்னும் கணிக்கப்படாமல் நல்லாக இருப்பதுண்டு. "இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொள்" என்று ஒரு வரி எழுதிச் சமாளித்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. நிலநடுக்க அளவெண் மடக்கை முறையில் அமைந்தது. ஓர் அலகு உயர்ந்தால் அதிர்வின் வீச்சு 10 மடங்காகவும் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகவும் கூடுகிறது. இந்த அளவுகோலில் 0 என்பது 'ஒன்றுமில்லை' அன்று, அது உண்மையான ஒரு சிறு நடுக்கம். 0-க்குக் கீழே எதிர்மறை அளவெண் கொண்ட மிகச் சிறு நடுக்கங்களும் பட்டியலில் வருகின்றன. ஆகவே 'இல்லை' என்பதற்கு அடையாளமாக -1 போடும் பழைய தந்திரமும் இங்கே செல்லாது. தெரியாததைத் தெரியாதது என்றே வைத்திருக்க ஒரு வகை வேண்டும்.

அளவெண்ணைப் பற்றி இன்னொன்று. அதனுடன் 'மேக்டைப்' என்று ஒரு சரமும் வரும். எந்த முறையில் அளந்தார்கள் என்பதை அது சொல்லும். 1935-இல் ரிக்டர் வகுத்த முறை மிகப் பெரிய நிலநடுக்கங்களை அளப்பதற்குப் போதாது என்பதால், அவற்றுக்கு இப்போது 'உந்தத் திருப்பு' அளவெண்ணையே கொள்கின்றனர். நம் செய்தித்தாள்கள் மட்டும் இன்றுவரை ரிக்டரை விட்டபாடில்லை! இந்தச் சரத்தைத் தூக்கியெறிந்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துச் செல்லும் நிரல், அலகை விட்டுவிட்டு விடை எழுதும் மாணவரைப் போன்றதே.

மிகவும் ஆபத்தானது 'சுனாமி' என்று பெயரிட்ட இடம். அதில் 0 அல்லது 1 இருக்கும். 1 என்றால் சுனாமி வருகிறது என்று யாரும் எண்ணுவார்கள். உண்மை அதுவன்று. கடற்பகுதியில் பெரிய நிலநடுக்கம் என்பதை மட்டுமே அந்த 1 குறிக்கிறது. சுனாமி உண்டானதா, உண்டாகுமா என்பதை அது சொல்லவில்லை என்று அந்த நிறுவனமே தன் விளக்கக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவெண் கொண்ட நிலநடுக்கம் ஏற்பட்டதும், சென்னையில் மக்கள் கட்டடங்களை விட்டுத் தெருவுக்கு வந்து நின்றதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அன்று கடலடிப் பாறைகள் மேலும் கீழுமாக நகராமல் பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவியதால் கடல்நீர் பெரிதாகத் தூக்கியெறியப்படவில்லை. அழிவு செய்யும் சுனாமி எழவில்லை. இத்தகைய ஒரு நாளில், ஆர்வமுள்ள ஒரு மாணவர் எழுதிய நிரல் அந்த 1-ஐக் கண்டவுடன் "சுனாமி வருகிறது" என்று ஊரார் கைபேசிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பினால் என்ன ஆகும்? நிரலில் ஓர் எழுத்துப் பிழைகூட இராது. பிழை முழுவதும் அந்த எண்ணுக்கு அவர் தந்த அர்த்தத்தில் இருக்கும். 'கடற்பகுதிப் பெரு நடுக்கம், ஆம் அல்லது இல்லை' என்று தம் நிரலுக்குள் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பாரானால் அந்தச் செய்தி போயிராது.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் ஒன்று உண்டு. வந்த எழுத்து வரிசையை அப்படியே நிரலெங்கும் அலையவிடாமல், வாசலிலேயே நிறுத்தி, வகை குறித்த பொருளாக மாற்றிவிடுவது. 'நிலநடுக்கம்' என்று ஒரு வகையை நீங்களே முதலில் வரையறுக்கிறீர்கள். அதில் அளவெண் இருக்கும், அது பின்ன எண்ணாகவோ 'தெரியாது' என்றோ இருக்கலாம். அளந்த முறை இருக்கும். நேரம் இருக்கும், வெறும் எண்ணாக அன்றி உண்மையான தேதி-நேரமாக. 'இடம்' என்ற இன்னொரு வகை அதற்குள் இருக்கும், அதில் அட்சரேகை, தீர்க்கரேகை, கிலோமீட்டரில் ஆழம் என்று பெயரோடு மூன்று எண்கள். தமிழில் 'பொருள்' என்ற சொல் வஸ்துவையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். நிரலாக்கத்தில் பேசப்படும் பொருளுக்கு இந்த இரட்டைப் பொருள் நன்றாகவே பொருந்துகிறது.

பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும் தரவை எப்படி மாற்றுவது? வெளிப்பெட்டிக்கு உரிய வகை, தனக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு பெட்டியையும் அதற்குரிய வகையிடம் ஒப்படைத்து "நீ உன்னை உருவாக்கிக்கொள்" என்று சொல்கிறது. அது தன் உள்பெட்டிகளுக்கு அதையே செய்கிறது. அடியில் எண்ணோ சரமோ வந்ததும் வேலை முடிகிறது. எந்த ஆழத்துக்கும் இந்த ஒரே முறை போதும். ஏதேனும் ஓர் இடத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் சரம் இருந்தால், 'ஃபீச்சர்ஸ் பட்டியலில் 17ஆவது, பிராப்பர்டீஸ், அளவெண்: எண்ணை எதிர்பார்த்தேன், சரம் வந்தது' என்று கதவு எண் வரை சரியான முகவரியோடு புகார் சொல்லும்படி எழுதுங்கள். 'பிழை' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும் நிரலால் யாருக்கும் பயனில்லை.

ஜாவா மொழியில் ஜாக்சன், ஜிசான் என்ற நூலகங்களும் பைத்தானில் பைடான்டிக் என்ற நூலகமும் இந்த வேலையைச் செய்து தருகின்றன. முதல் முறையாவது கையால் எழுதிப் பாருங்கள் என்பேன். அதோடு பைத்தானில் பழகுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 'இது எண்' என்று வகையின் பெயரை அருகில் எழுதி வைத்தால் மட்டும் அந்த மொழி தானாகச் சோதித்துப் பார்க்காது. சரம் வந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். சோதனையை நாம்தான் எழுத வேண்டும்.

வகை என்ற பெயர்ப்பலகையே போதும் என்று நான் சொல்லவில்லை. 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியர்களின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதற்பயணத்தைத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் வானில் சிதறியது. வகைகளில் மிகக் கண்டிப்பான ஏடா மொழியில்தான் அதன் நிரல் எழுதப்பட்டிருந்தது. 64 பிட்டு கொண்ட ஒரு பின்ன எண்ணை 16 பிட்டு முழு எண்ணாக மாற்றும் ஓரிடத்தில், அந்த எண் கொள்ளுமா என்று சோதிக்கப்படவில்லை. 16 பிட்டில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. முந்தைய ஏரியன் 4-இன் பறக்கும் பாதைக்கு அது போதுமானதாக இருந்தது. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் அதைத் தாண்டிவிட்டது. நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்கள் அதோடு அழிந்தன. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும் அந்தக் கணமே எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படும் கணம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அலகின் கதைக்கும் ஒரு விண்கலம் சாட்சி. 1998 டிசம்பரில் நாசா ஏவிய செவ்வாய் வானிலைச் சுற்றுக்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. கலத்தின் சிறு உந்திகள் தந்த கணத்தாக்கை ஒரு நிரல் பவுண்டு-விசை செகண்டில் கணக்கிட்டுக் கோப்பில் எழுதியது. அதைப் படித்த மற்றொரு நிரலோ நியூட்டன் செகண்டு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது சுமார் 4.45 நியூட்டன். செவ்வாய்க்கு மேலே 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டதாகப் பிறகு கணக்கிட்டார்கள். கோப்பில் இருந்தவை அழகான, ஒழுங்கான எண்கள். அவற்றுக்கு அலகு என்ற மேற்சட்டை மட்டும் இல்லை.

நண்பர்கள் சிலர் என்னிடம் மறுத்துப் பேசுவதுண்டு. பத்து வரியில் முடியும் வேலைக்கு ஐம்பது வரி எழுதச் சொல்கிறீர்களே, பிள்ளைகளின் ஆர்வம் வற்றிவிடாதா என்பது ஒன்று. இதில் நியாயம் இருக்கிறது. தரவில் என்னதான் இருக்கிறது என்று முதன்முதலாகத் துழாவிப் பார்க்கும் அரை மணி நேரத்துக்கு வகையும் வேண்டாம், வரையறையும் வேண்டாம். தூண்டில் போட்டே பாருங்கள். ஆனால் அந்த எண்ணை வைத்து வரைபடம் போடப் போகிறீர்கள், சராசரி காணப் போகிறீர்கள், பிறருக்குச் செய்தி அனுப்பப் போகிறீர்கள் என்றால் தூண்டிலை வைத்துவிட வேண்டும். இரண்டாவது மறுப்பு, சேவை நடத்துவோர் புதிதாக ஓர் இடத்தைச் சேர்த்தால் உங்கள் கண்டிப்பான நிரல் உடைந்துவிடுமே என்பது. உடையும்படி எழுதினால்தான் உடையும். நமக்குத் தெரியாத புதிய பெட்டி வந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடலாம். நமக்கு இன்றியமையாத பெட்டி காணாமற்போனால் மட்டும் நிற்க வேண்டும். இந்த வேறுபாட்டை முடிவு செய்வது கணிப்பொறியின் வேலையன்று. எது இன்றியமையாதது என்பது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

வகையைக் கணிப்பொறியே ஊகித்துக்கொள்ளட்டும் என்போரும் உண்டு. அவர்களுக்கு உயிரியல் துறையின் அனுபவத்தைச் சொல்வேன். 'செப்ட்1', 'மார்ச்1' என்றெல்லாம் பெயர் கொண்ட மனித மரபணுக்கள் இருந்தன. எக்செல் அட்டவணையில் அவற்றைத் தட்டச்சு செய்தால் செப்டம்பர் 1, மார்ச் 1 என்ற தேதிகளாக அது தானே மாற்றிவிடும். பல ஆண்டுகள் பொறுத்துப் பார்த்த பெயர்க்குழுவினர் 2020-இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியதாக அறிவித்தார்கள். மென்பொருளின் ஊகத்துக்கு மனித மரபணு வழிவிட வேண்டியதாயிற்று! நம் வீட்டளவிலும் இதைக் காணலாம். சென்னைத் தொலைபேசியின் முன்குறியீடான 044-ஐ எண் என்று ஊகித்தால் அது 44 ஆகிவிடும். கூட்டவோ பெருக்கவோ போகாத ஒன்று, இலக்கங்களால் எழுதப்பட்டிருந்தாலும், எண் அன்று.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் கோரிக்கை இது. கணிப்பொறிச் செய்முறைத் தேர்வில் "நிரல் ஓடுகிறதா?" என்ற கேள்வியோடு, "அளவெண் வராவிட்டால் உன் நிரல் என்ன செய்யும்? இந்த ஆழம் எந்த அலகில்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, அவற்றுக்கும் மதிப்பெண் வையுங்கள். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் செய்வதைத்தான் சொல்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. ஏழு நாள் பட்டியலை வாங்கி, மேலே சொன்ன 'நிலநடுக்கம்', 'இடம்' ஆகிய வகைகளை எழுதி, அவற்றுள் தரவை ஏற்றிப் பாருங்கள். 'டிமின்' என்ற இடத்தைச் சேர்க்கும்போது சற்று நில்லுங்கள். மையத்துக்கும் மிக அருகிலுள்ள அளவி நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம் அது. ஆனால் ஆழத்தைப் போல் கிலோமீட்டரில் அல்ல, பாகையில் தரப்பட்டுள்ளது. ஒரு பாகை சுமார் 111.2 கிலோமீட்டர். அடுத்து 'ஐடீஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். ஒரே நிலநடுக்கத்துக்குப் பல அமைப்புகள் இட்ட அடையாளங்களின் பட்டியல் அது. ஆனால் பட்டியலாக வராமல், காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒரே சரமாக வருகிறது. முதல் எழுத்தும் காற்புள்ளி, கடைசி எழுத்தும் காற்புள்ளி. அதைக் காற்புள்ளிதோறும் வெட்டிப் பட்டியலாக்கி எண்ணிப் பாருங்கள். இரண்டு அடையாளங்கள் மட்டுமே இருக்கும் நிகழ்விலும் நான்கு என்று விடை வரும். மீதி இரண்டும் எங்கிருந்து வந்தன, உங்கள் வகை அவற்றை வாசலில் எப்படி நிறுத்தும் என்று எழுதிப் பாருங்கள்.